வளைவில் நின்றவர்

லண்டனில் நாங்கள் இருக்கும் செவன் கிங்ஸில் மழையா என்று என் கணவர் வேலையிடத்திலிருந்து தன் ஊர்க்காரர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பார். எங்கள் வீட்டுக் கொடியில் உடுப்புக் காயும். அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எங்கட வாசல்ல பெய்யுது." அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் இரண்டே தெருக்கள். அங்கே பெய்தால் இங்கேயும் பெய்யும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தான் காணாத மழைக்கு அவர் சாட்சி சொல்ல மாட்டார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னட்டைக் கேட்டனீரோ தங்கச்சி?" என்றுதான் முதலில் கேட்பார். கேட்டு எழுத இப்போது அவர் இல்லை. கடைசிக் காலத்தில் லண்டனின் தென்பக்கம், தோர்ண்டன் ஹீத்தில் தன் மகள் வீட்டோடு போய் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நல்ல உயரம். உட்கார்ந்தால் இரண்டு முழங்கால்களும் மேசைக்கு மேலே தெரியும். யாழ்ப்பாணத்தில் படித்த நாட்களில் நானூறு மீற்றர் சட்டவேலி ஓடியவர். மைதானத்தை ஒரு சுற்று ஓடி முடிப்பதற்குள், குறுக்கே நிற்கும் பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டும். அந்தத் தடைகள் அடித்த தழும்புகள் அவருடைய முழங்காலுக்குக் கீழே கரும்பச்சையாகப் படிந்திருந்தன. லண்டனுக்கு வந்த பிறகு ரயில் பாதை பரிசோதிக்கும் வேலை. தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, வெடிப்பு இருக்கிறதா, ஆணி கழன்றிருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மூடுபனி நாளில் முழுத்தூரமும் நடந்துவிட்டு, நடுவில் நூறு யார் தூரத்துக்கு மட்டும் "பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தாராம். மேலதிகாரி கொதித்துப் போனார். அந்த நூறு யார் தூரத்துக்காக இன்னோர் ஆளை அனுப்ப வேண்டியிருந்தது.

"நடந்தனீங்கள்தானே அண்ணை, பிறகென்ன?" என்று கூட வேலை செய்த தமிழர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

"நடந்தனான். பனிக்குள்ள பார்க்கேல்லை" என்றிருக்கிறார் இவர்.

இந்தக் குணத்தால் ஒரு கலியாணமும் குழம்பியது. அவருடைய சொந்தக்காரர் ஒருவர் தன் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தார். மாப்பிள்ளை இவரோடு வேலை செய்தவர்.

"ஆள் குடிப்பாரோ?"

"நான் காணேல்லை."

"அப்ப குடிக்க மாட்டார்."

"அப்பிடி நான் சொல்லேல்லை. நான் காணேல்லை எண்டுதான் சொன்னனான். வேலை முடிஞ்சா அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

வந்தவர் முகம் கறுத்துப் போய்விட்டார். அந்த மாப்பிள்ளை ஒரு சொட்டும் வாயில் வைக்காதவர் என்று பிறகு எல்லாருக்கும் தெரிய வந்தது. அதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் கலியாண எழுத்து முடிந்திருந்தது. அந்தக் குடும்பம் அவரோடு பிறகு பேசவில்லை. அவரும் தன் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

இதையெல்லாம் நான் இப்போது சிரித்துக்கொண்டு எழுதலாம். ஆனால் அவரை நான் மனதார வெறுத்த காலம் ஒன்று இருந்தது. அதுவும் கொஞ்சக் காலம் இல்லை.

என் கணவரும் அவரும் ஊரில் ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். யாழ்ப்பாணப் பட்டணம் இராணுவத்தின் கைக்கு மாறிய அந்த வருடம், பொழுது விடிகிற நேரம், சீருடை போட்டவர்கள் சிலர் வந்து என் கணவரை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துப்போய் ஜீப்பில் ஏற்றினார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். அந்த எட்டு மாதத்தில் என்ன நடந்தது என்று அவர் எனக்குத் தொடர்ச்சியாக ஒருநாளும் சொன்னதில்லை. முதுகில் ஒரு தழும்பை நான் தொட்டால் அந்தத் தழும்பைப் பற்றி மட்டும் ஒரு வசனம் சொல்வார். வெளியே வந்ததும் வீட்டார் காணியை விற்று அவரை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கேதான் எங்கள் கலியாணம் நடந்தது.

எதிர்வீட்டுக்காரரோ என் கணவர் உள்ளே இருந்த மாதங்களிலேயே லண்டன் வந்து, பிரஜாவுரிமை உள்ள ஒரு தாதியைக் கட்டி, விசா சிக்கல் எதுவும் இல்லாமல் நல்ல வேலையில் இருந்தார். என் கணவருடைய அகதி வழக்கோ இழுபட்டுக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டு போனதற்கு ஒரு துண்டு கடதாசி கிடையாது. கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொன்னால் வழக்கு வென்றுவிடும் என்றார் வழக்கறிஞர். எங்களுக்குச் சந்தோஷம். கண்டவர் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறார்!

வழக்கறிஞரின் ஆட்கள் அவர் கையெழுத்து வைக்க ஒரு வாக்குமூலத்தைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சீருடை அணிந்தவர்கள் என் கணவரை இழுத்துச் சென்றதைத் தன் வாசலில் நின்று பார்த்ததாக அதில் இருந்தது. எங்கள் சமையலறை மேசையில் வைத்து அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, "பார்த்தேன்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, "கேட்டேன்" என்று எழுதினார்.

"அண்ணை, நீங்கள் அண்டைக்கு வீட்டில இருந்தனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி."

"அவங்கள் வந்தது பொய்யோ?"

"பொய்யில்லை. ஜீப் வந்து நிண்டது கேட்டது. தம்பி கத்தினது கேட்டது. ஆக்கள் அதட்டினது கேட்டது. நான் பார்க்கேல்லை."

"ஒரு சொல்லுத்தானே அண்ணை?"

"ஓம். ஒரு சொல்லுத்தான்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் அப்போது நிறைமாதம்.

விசாரணையில் நீதிபதி சாட்சி சொல்ல வந்த அவரிடம் கேட்டார். வந்தவர்கள் எத்தனை பேர்? தெரியாது. என்ன உடை? தெரியாது. வந்தது ஜீப் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சத்தத்தை வைத்து. தீர்ப்பில் அவரை நேர்மையான சாட்சி என்று எழுதியிருந்தார்கள். அவருடைய சாட்சியம் மனுதாரருக்கு உதவவில்லை என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார்கள். வழக்குத் தள்ளுபடியானது.

என் கணவர் வாரம் ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். அப்படிப் போன ஒருநாள் அங்கேயே பிடித்து வைத்துவிட்டார்கள். ஐந்து வாரம் தடுப்பு முகாம். மகள் பிறந்தது அந்த ஐந்து வாரத்துக்குள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்கும்போது தகப்பன் இல்லாமல்தான் பிள்ளைக்கு மொட்டை அடித்தோம். அன்றைக்கு அந்த அண்ணை வந்து வாசலில் நின்றார். கையில் பிள்ளைக்கு ஒரு சின்னப் பெட்டி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கதவைச் சாத்தினேன். அவர் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதையும் நான் எடுக்கவில்லை. அடுத்த வீட்டு அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு தழும்புகளைப் பார்த்து ஒரு டொக்டர் எழுதிய அறிக்கையால் எங்களுக்கு விசா கிடைத்தது. அதற்கு நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடமும் வாசலில் ஆர் பெல் அடித்தாலும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். என் தாய் ஊரில் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு சொல் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விளங்காதது என் கணவரைத்தான். தடுப்பிலிருந்து வந்து, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை வந்தவரோ?" என்பது. அடுத்த சனிக்கிழமையே அண்ணை வீட்டுக்குப் போய்விட்டார்.

"உங்களுக்குக் கோவமே வராதோ?" என்று கேட்டேன்.

"அவர் சொன்னது உண்மைதானே."

"அந்த உண்மையாலதான் நீங்கள் உள்ள போனீங்கள்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பேச்சு எங்களுக்குள் எத்தனையோ தரம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் இதே இடத்தில்தான் அவர் வாயை மூடிக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமைகளில் இருவரும் மைதானத்துக்குப் போவார்கள். சட்டவேலி ஓடியவர் இப்போது சட்டவேலிக்கு நடுவராக இருந்தார். அதற்கென்று பரீட்சைகள் எழுதிப் படிப்படியாக மேலே வந்திருந்தார். தடையைத் தாண்டும்போது ஓடுகிறவரின் கால் தடைக்கு மேலாகத்தான் வர வேண்டும். பக்கத்தால், தடையின் உயரத்துக்குக் கீழே போகக் கூடாது. நேர்ப்பாதையில் இது பெரிய பிரச்சினை இல்லை. வளைவில் உடம்பு சரியும்போதுதான் பின்னால் வரும் கால் தடைக்கு வெளியே போகப் பார்க்கும். அதனால் வளைவில் ஒரு நடுவரை மஞ்சள் கொடியோடு நிறுத்துவார்கள். இவருக்கு எப்போதும் வளைவுதான்.

ஒருநாள் அவர்களோடு மைதானத்துக்குப் போயிருந்த மகளைக் கூட்டிவரப் போன இடத்தில் நானும் அவர் நிற்பதைப் பார்த்தேன். தூறல். கொடியைச் சுருட்டித் தொடையோடு வைத்துக்கொண்டு, தனக்குத் தந்த தடையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டம் தொடங்கியதும் கூட்டம் கத்தியது. அவர் தலை திரும்பவில்லை. ஓடியவர்கள் அவரைத் தாண்டி முடிவுக் கோட்டுக்குப் போன பிறகும் அவர் அந்தத் தடையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் என் கணவரிடம், "ஆர் வெண்டது?" என்று கேட்பாராம். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. கோடு மாதிரி ஒரு பார்வை. அதற்குள் இரக்கம் எந்தப் பக்கத்தால் புகும் என்று நினைத்தேன்.

என் கணவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இவர் கொடி தூக்கியதால் ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்ட ஒருவன், நல்ல உடம்புக்காரன், வந்து முகத்துக்கு நேரே நின்று கத்தினானாம். இவர் அவன் கத்தி முடியும்வரை காத்திருந்துவிட்டு, "மற்ற ஒன்பது தடையையும் நீ வடிவாத் தாண்டியிருப்பாய். நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தது இது ஒன்றைத்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். அவன் சிரித்துவிட்டானாம்.

சில வருடங்களுக்கு முன், லண்டனில் ஓட்டமும் பாய்ச்சலுமாக ஒரு பெரிய சர்வதேச மெய்வல்லுநர் போட்டி நடந்தது. ஆண்களுக்கான நானூறு மீற்றர் சட்டவேலிக்கு வளைவு நடுவர்களில் ஒருவராக அவரைத் தெரிவு செய்தார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் அவர் வந்தால் தேத்தண்ணி வைப்பேன், வைத்துவிட்டு மேலே போய்விடுவேன். அன்றைக்குக் கீழே நின்று, "நல்லது அண்ணை" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மகள் எங்கள் இருவருக்கும் அரையிறுதி நாளுக்கு ரிக்கற் எடுத்துத் தந்தாள்.

எங்களுக்குக் கிடைத்த இடம் இரண்டாவது வளைவுக்கு மேலே, வெகு உயரத்தில். கீழே அவர் தெரிந்தார். மற்றவர்கள் எல்லாம் புள்ளிகள் மாதிரி இருந்தாலும் அந்த உயரமும் அந்த நிற்கையும் எனக்குத் தெரியும். ஓட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஆறாம் பாதையில் நின்றவன் எங்கள் நாட்டுக்காரன். நாங்கள் விட்டுவிட்டு ஓடிவந்த நாட்டின் பெயர் அவன் நெஞ்சில் பெரிய எழுத்தில் இருந்தது. என் கணவர் நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டி அவன் பெயரைத் தேடினார்.

"என்ன போட்டிருக்கு?"

"படையில வேலையாம்" என்றார். புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

நான்தான் நினைத்தேன். அவன் விழ வேண்டும் என்று நினைத்தேன். என் கணவரைப் பிடித்த அந்த வருடம் இவன் பிறந்தே இருப்பானோ என்னவோ. ஆனாலும் அவன் விழ வேண்டும் என்று கையைப் பொத்திக்கொண்டு நினைத்தேன்.

வெடி கேட்டது. எட்டுப் பேரும் பாய்ந்தார்கள். முதல் வளைவில் அவன் பின்னால்தான் வந்தான். எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகப் பிடித்தான். இரண்டாம் வளைவில், எங்களுக்குக் கீழே, மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து வந்தார்கள். நடுவில் அவன். தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களின் கால்களுக்குக் கீழே போயின. முடிவுக் கோட்டில் அவன் இரண்டாவதாக வந்தான். முதல் இருவருக்கும் இறுதிப் போட்டியில் இடம் நிச்சயம். அவன் கைகளை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

கீழே மஞ்சள் கொடி உயர்ந்தது. அவருடைய கை.

நான் எழும்பி நின்று கைதட்டினேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"இரும்" என்றார். "இரும் எண்டுறன்."

கொஞ்ச நேரத்தில் பெரிய திரையில் அவன் பெயர் கீழே இறங்கியது. தகுதி நீக்கம். கமராவில் சரியாகத் தெரியவில்லையாம், பக்கத்துப் பாதைக்காரனின் உடம்பு மறைத்துவிட்டதாம், நடுவரின் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவன் ஓடுபாதையின் ஓரத்தில் குந்தியிருந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது. பிறகு அவன் அப்படியே குந்தியிருந்தான், எழும்பவில்லை, அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து பெண்கள் நீளம் பாய்தல் தொடங்கியிருந்தது. அப்போது அவர் மைதானத்தைச் சுற்றி நடுவர்களின் அறைப் பக்கம் தனியே நடந்து போவதைக் கண்டோம். நடை வேகமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரை மாறியது. ஆறாம் பாதைக்காரனின் பெயர் மறுபடியும் இரண்டாம் இடத்துக்கு வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை.

ஸ்ட்ராட்போர்ட் ரயில் நிலையத்துப் படிகளுக்குக் கீழே சந்திப்பதாக முன்னமே பேசியிருந்தோம். அவர் வந்தபோது கழுத்தில் நடுவர் அட்டை இல்லை.

"என்ன அண்ணை நடந்தது?" என்றார் என் கணவர்.

"கொடியைத் தூக்கினன். பிறகு போய், என்ர சொல்லை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

"ஏன்?"

என் கணவர் கேட்டு முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "அவன் காலை வெளியில விட்டவன் அண்ணை. மேல இருந்து நானும் கண்டனான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எந்தக் கால் தங்கச்சி? இடதோ, வலதோ?"

கேலி இல்லை. மடக்கும் எண்ணமும் இல்லை. அவர் கண்கள் என் முகத்தில் எதையோ தேடின. என்னிடம் ஒரு பதில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்பதுபோல உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு படியேறிப் போனார்கள். என்னால் எந்தக் காலையும் சொல்ல முடியவில்லை.

"எனக்கும் அதுதான்" என்றார் அவர். "இடது கால் எண்டு எழுதிக் குடுத்துப்போட்டன். பிறகு ஒரு இடத்தில இருந்து அந்தக் காலை நினைச்சுப் பார்த்தன். அது வெளியால போனது கண்ணுக்குள்ள வரேல்லை. அவன்ர நெஞ்சில இருந்த எழுத்துத்தான் திரும்பத் திரும்ப வருது. வளைவுக்குள்ள வரேக்கயே நான் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டன். காலைப் பார்க்கேல்லை. கை தானாப் போய்ட்டுது."

"ஆரும் பிழை விடுறதுதான் அண்ணை" என்றார் என் கணவர்.

"அவையளும் அப்பிடித்தான் சொல்லுகினம். பிழை எண்டாலும் பரவாயில்லை, தம்பி. பிழை எண்டும் சொல்ல ஏலாது. அவன் காலை விட்டிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. இருபது வருஷம் நிண்டு பார்த்துப்போட்டு, இண்டைக்கு ஒருத்தன்ர சட்டையைப் பார்த்து வெளியில போட்டனான்."

கழுத்தில் அட்டை தொங்கிய இடத்தைத் தடவினார். "இனி நான் கொடி பிடிக்க மாட்டன். அட்டையைக் குடுத்திட்டன்."

ரயிலில் மூன்று பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் கைதட்டியதைப் பற்றி என் கணவர் அவரிடம் சொல்லிவிடுவாரோ என்று செவன் கிங்ஸ் வரும்வரை நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டி. என் கணவர் அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் தேத்தண்ணி வைத்துவிட்டு மேலே போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருவரோடும் இருந்தேன். டிவியில் எங்கள் நாட்டுக்காரனை வெளிப்பாதையில் காட்டினார்கள். நன்றாகத் தொடங்கினான். எட்டாவது தடையில் முழங்கால் பட்டு நடை குழம்பியது. விழவில்லை. கடைசி ஆளாக முடித்தான். முடித்தவுடன் குனிந்து நிலத்தைத் தொட்டான்.

"அவனை இண்டைக்குக் காலைல கண்டனான்" என்றார் அவர். "மிச்சக் கடதாசியள் குடுக்கப் போன இடத்தில தங்கட குழு அதிகாரியோட வந்து நிண்டவன். கையைப் பிடிச்சு நன்றி சொன்னவன். நான் கேட்டன், 'உண்மையைச் சொல்லு, உன்ர கால் வெளியில போனதோ?' எண்டு."

"என்ன சொன்னவன்?"

"யோசிச்சவன். 'தெரியாது சேர், நான் ஓடிக்கொண்டிருந்தன்' எண்டான்." அவர் முகத்தில் மெல்லிய ஒரு வெளிச்சம் வந்தது. "நல்ல பெடியன். வேற ஆர் எண்டாலும் இல்லை எண்டு சத்தியம் பண்ணியிருப்பான்."

எனக்கு அப்போது ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. மகளுக்கு வயது பதினேழு. பதினேழு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

"அண்ணை, அண்டைக்குக் கோர்ட்டில நீங்கள் சொன்னது சரிதான். நான்தான் உங்களோட..."

"சரியில்லை தங்கச்சி" என்றார். குரல் உயரவில்லை. "அரைவாசிதான் சொன்னனான். பார்க்கேல்லை எண்டு சொன்னன். ஏன் பார்க்கேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"சத்தம் கேட்டு ஓடி வந்தனான். எங்கட வாசல் தகரப் படலைக்குப் பின்னால நிண்டனான். கொளுக்கி கையில. இழுத்தாத் திறக்கும். திறந்தா எல்லாம் கண்டிருப்பன். தம்பி கத்துறார். நான் திறக்கேல்லை. ஜீப் போய், சத்தம் அடங்கினாப் பிறகுதான் திறந்தனான். ஒழுங்கையில ஒருத்தரும் இல்லை. அதைத்தான் நான் கண்டது."

என் கணவர் டிவியை நிறுத்தினார்.

"தெரியும் அண்ணை" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"என்னை நிலத்தில போட்டு இழுத்தவங்கள். முகம் மண்ணோட கிடந்தது. உங்கட படலைக்குக் கீழ ஒரு சாண் இடைவெளி. உங்கட கால் தெரிஞ்சது."

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார் அவர்.

"சொல்லி என்ன செய்யிறது? திறந்திருந்தா உங்களையும் ஏத்தியிருப்பாங்கள். திறக்கக் கூடாது, திறக்கக் கூடாது எண்டுதான் நான் அப்ப நினைச்சனான்."

எனக்குக்கூட என் கணவர் இதைச் சொன்னதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருடம் இருந்து, நான் அந்த மனிதரைத் திட்டிய ஒவ்வொரு தரமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, வாயைத் திறந்து சொன்னதில்லை.

அண்ணை இரண்டு முழங்கால்களையும் கைகளால் பொத்திக்கொண்டு இருந்தார். "என்ர கால்தான் எண்டு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டார். "வீட்டில அப்பரும் இருந்தவர்."

"ஒரு காலில செருப்பு இருந்தது" என்றார் என் கணவர். "மற்றக் காலில இல்லை."

அவர் கண்களை மூடினார். தலையை மெதுவாக ஆட்டினார்.

"ஓம்" என்றார். "ஓடி வந்த அவசரத்தில ஒண்டுதான் அகப்பட்டது."